கோயில் என்ன சுத்திப் பாக்கிற இடமான்னு கேக்கிறவங்களுக்கு

ஓம் சரவணபவ.

இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில நிறுத்திட்டுக் கீழே கருத்து எழுதாதீங்க. முழுசா படிச்சிட்டுத் திட்டணும்னு தோணினா தாராளமா திட்டுங்க, வாங்கிக்கிறோம்.

மூணு வாரமா நம்ம ஆலயப் புலனக் குழுவுல ஒரே சண்டை. ஒரு பக்கம் "நல்லா சொன்னீங்க, இப்படித்தான் கேக்கணும்"னு கட்டைவிரல் படம். இன்னொரு பக்கம் பேசவே பயந்துகிட்டு அமைதி. நாங்க தொண்டர்கள் இதுவரைக்கும் வாய் திறக்கல. நிர்வாகம் பேசட்டும்னு இருந்தோம். பேசல. அதனால நாங்களே எழுதுறோம். நாங்க பெரிய படிப்பு படிச்சவங்க இல்ல, எஸ்.பி.எம். வரைக்கும்தான். எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க, ஆனா விஷயத்தை விட்டுடாதீங்க.

நடந்தது தெரியாதவங்களுக்காகச் சொல்றோம்.

ஒரு வருஷமா மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு ஞாயித்துக்கிழமை ஒரு சீன அப்பா நம்ம ஆலயத்துக்கு வருவார். கூட மூணு பிள்ளைங்க. பெரிய பொண்ணுக்கு ஏழு வயசு இருக்கும், பையனுக்கு அஞ்சு, கடைசிக் குழந்தை தோள் மேல. பழைய கஞ்சில் காடி. வாசல்ல நாலு ஜோடி செருப்பையும் வரிசையா வச்சிட்டு, குழாயடியில பிள்ளைங்க காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ள வருவார். தூண் ஓரமா நிப்பாங்க. தவில் அடிக்கிறப்ப பையன் வாயைப் பொளந்துகிட்டுப் பாப்பான். பொண்ணு கோபுரத்துல மயில் எத்தனை இருக்குன்னு எண்ணும். உண்டியல்ல காசு போடுறது பிள்ளைங்க கையாலதான். அன்னதானத்துல உக்காந்தா, கையால சோறு பிசைஞ்சு சாப்பிடுறது எப்படின்னு அவரே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுப்பார். சாப்பிட்ட இலையை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போய்ப் போடுவாங்க. நம்ம ஆளுங்க எத்தனை பேர் அதைச் செய்றாங்கன்னு இலை எடுக்கிற எங்களைக் கேளுங்க.

மூணு வாரத்துக்கு முன்னாடி அந்தப் பையன் வசந்த மண்டபத்துப் பக்கம் ஓடினான். மயில் வாகனத்தோட கழுத்தைத் தொட்டுட்டுச் சிரிச்சான். அவ்வளவுதான். எங்கள்ல ஒருத்தர், மஞ்சள் சட்டை போட்ட தொண்டர், எல்லாருக்கும் கேக்கிற மாதிரி கத்தினார். "இது என்ன விளையாட்டுத் திடலா? இனி புக்கான் தெம்பாட் ஜாலான்-ஜாலான்!" சுத்திப் பாக்கிற இடம் இல்லன்னு மலாய்லயும் சேத்துச் சொன்னார். அந்த அப்பா ஓடி வந்து பையனைப் பிடிச்சார். அவன் ரெண்டு கையையும் சேத்து வச்சுக் கும்பிட வச்சார். "மாஃப், மாஃப்"னு ரெண்டு தடவை சொன்னார். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வெளிய போயிட்டார். அன்னிக்கு இலை போட்டாச்சு. சாப்பிடாம போனாங்க. பெரிய பொண்ணு மட்டும் திரும்பித் திரும்பிப் பாத்துகிட்டே போனது. அதுக்கப்புறம் அவங்க வரல.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறோம். கத்தினது ஒருத்தர்தான். ஆனா சட்டை எங்க சட்டை. பக்கத்துல நின்ன நாங்க ஆறு பேரும் "விடுங்கண்ணே, சின்னப் பிள்ளை"ன்னு ஒரு வார்த்தை சொல்லல. அதனால தப்பு எங்க எல்லாருது. அதை மறைக்க இந்தப் பதிவு இல்ல.

இனிமே குழுவுல வந்த வாதங்களுக்கு வருவோம்.

"சீனக் கோயிலுக்குள்ள நம்ம பிள்ளைங்க இப்படி ஓட முடியுமா?"ன்னு ஒரு அண்ணன் கேட்டிருந்தார். அண்ணே, நம்ம பிள்ளைங்க ஓடிக்கிட்டுத்தானே இருக்காங்க! சாம் போ தோங் குளத்துல ஆமைக்குக் கீரை போட்டு வளராத ஈப்போ தமிழ்ப் பிள்ளை உண்டா? குனோங் ராப்பாட் பக்கம் கெக் லோக் தோங் குகைக்குள்ள நுழைஞ்சு பின்னாடி இருக்கிற தோட்டத்துல காலாற நடக்கிறதுல நம்ம ஆளுங்க எத்தனை பேர்? 1926-ல ஆரம்பிச்ச பேராக் தோங் குகைக் கோயில்ல படி ஏறி மேல போய் ஈப்போவைப் பாத்துப் படம் எடுத்து முகநூல்ல போட்டவங்க நாம. லிங் சென் தோங்ல குரங்குச் சிலை, பன்றிமுகச் சிலை பக்கத்துல நின்னு நம்ம பிள்ளைங்க பல்லைக் காட்டின படம் நம்ம வீட்டு அலமாரியில இருக்கு. அங்க எவனாவது நம்மள நிறுத்தி "நீ என்ன சாமி கும்பிட வந்தியா, சுத்திப் பாக்க வந்தியா"ன்னு கேட்டானா? எங்களுக்குத் தெரிஞ்சு கேட்டதில்ல. அவங்க கோயில்ல நாம ஜாலான்-ஜாலான் போகலாம், நம்ம கோயிலுக்கு அவங்க வந்தா மட்டும் நுழைவுத்தேர்வா?

"சும்மா சோத்துக்கு வர்றாங்க"ன்னு ஒருத்தர் எழுதினார். இதைப் படிச்சப்ப எங்களுக்கு உண்மையிலேயே வெக்கமா இருந்தது. அன்னதானம்னா என்ன அர்த்தம்? ஜாதி, இனம், அடையாள அட்டை பாத்துப் போடுற சோறுக்கு அன்னதானம்னு பேர் இல்ல, அது கேன்டீன். உபயக்காரர் அரிசி மூட்டை தூக்கிட்டு வர்றப்ப "இது தமிழங்க மட்டும் சாப்பிட"ன்னு யாரும் சீட்டு ஒட்டிக் குடுக்கறதில்ல. தைப்பூசத்தன்னிக்கு சுங்கை பாரி முனீஸ்வரர் ஆலயத்துல இருந்து கல்லுமலைக்கு நடக்கிறோமே, அந்த வெயில்ல தண்ணி குடுக்கிற கையோட நிறத்தைப் பாத்தா வாங்கிக் குடிக்கிறோம்? அதே ஊர்வலத்துல பால்குடம் எடுத்து வர்ற சீனரைப் பாத்து "ஆஹா, என்ன பக்தி"ன்னு படம் எடுக்கிறோம். பினாங்குல சீனர்கள் ரதத்துக்கு முன்னாடி குவியல் குவியலா தேங்காய் உடைக்கிறதைப் பெருமையா பகிர்றோம். தேங்காய் உடைக்கிற சீனர் வேணும், மூணு பிள்ளைங்களோட சோறு சாப்பிடுற சீனர் வேண்டாமா? இது என்ன கணக்கு?

இப்ப முக்கியமான வாதத்துக்கு வர்றோம். "கோயில் சாமி கும்பிடுற இடம், பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுச் சுத்திப் பாக்கிற இடம் இல்ல." கேக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. பெரியவங்க வாயில இருந்து வந்ததால யாரும் எதிர்த்துப் பேசல. நாங்க பேசுறோம். ஏன்னா இது பொய்.

ஈப்போவைச் சுத்தி இருந்த ரப்பர்த் தோட்டங்கள்ல பொறந்தவங்கதான் நம்மள்ல முக்கால்வாசிப் பேர். சுங்கை சிப்புட், கோப்பெங், பத்து காஜா, சங்காட் பக்கமெல்லாம் பால் மரம். விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்குப் போகணும். அப்பாவும் போவார், அம்மாவும் போவாங்க. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில விட்டுட்டு, தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு இருட்டுல மரம் வெட்டி, மங்குல பால் சேந்து, வாளியில தூக்கி ஸ்டோர்ல நிறுத்துட்டு வீட்டுக்கு வர்றப்ப வெயில் உச்சி தாண்டியிருக்கும். மழை பெஞ்சா வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா சம்பளம் இல்ல. இந்த நிலைமையில எந்த அப்பா பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வெளியூர் போவார்? பள்ளி விடுமுறையில அப்பாவோட போற ஒரே இடம் காட்டுக்குத்தான், ஒட்டுப்பால் பொறுக்க. கொசுக்கடியும் அட்டையும்தான் நமக்கு உல்லாசப் பயணம்.

அப்ப வருஷத்துல ஒரு நாள் அப்பா வெள்ளை வேட்டி கட்டி, நம்மளைத் தோள்ல தூக்கி வச்சு, லயத்தை விட்டு வெளிய கூட்டிக்கிட்டுப் போனது எங்க? மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு! பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாவுக்கு லாரி மேல ஏறிப் போவோமே, ஞாபகம் இருக்கா? பலூன் வாங்கிக் குடுத்தது, சிவப்பு கலர் தண்ணி வாங்கிக் குடுத்தது, வளையல் கடை முன்னாடி தங்கச்சி அழுதது, தீமிதி பாக்க அப்பா தோள்ல ஏறினது எல்லாம் கோயில்லதானே? சாமி கும்பிட அஞ்சு நிமிஷம், மிச்ச ராத்திரி முழுக்க சுத்திப் பாத்தோம். அப்பாவோட கையைப் பிடிச்சு நடந்த அந்த ஒரு ராத்திரியிலதான் பக்தி நம்ம உள்ள போனது. யாரும் நமக்கு தேவாரம் சொல்லிக் குடுத்து, அதுக்கப்புறம் கோயிலுக்குள்ள விடல. ஓடி விளையாடி, வாகனத்தைத் தொட்டுப் பாத்து, பூசாரிகிட்ட திட்டு வாங்கி, அப்படித்தான் நாம பக்தர் ஆனோம்.

கோயில் சுத்திப் பாக்கிற இடமான்னு கேக்கிறீங்க. ஆமா. நம்ம பாட்டன் பூட்டனுக்கு இருந்த ஒரே சுத்திப் பாக்கிற இடம் அதுதான்.

இன்னொண்ணும் கேளுங்க. அந்த சீன அப்பாவோட எங்கள்ல ஒருத்தர் ஒரு தடவை பேசியிருக்கார். ஏன் இங்க வர்றீங்கன்னு சும்மா கேட்டார். அவங்க அப்பா தோட்டத்துக்குள்ள லாரியில மளிகைச் சாமான் கொண்டு போய் வித்தவராம். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் கணக்குல குடுத்துட்டு சம்பளத்தன்னிக்கு வந்து வாங்கிட்டுப் போவாராம். திருவிழா அன்னிக்கு மகனையும் லாரியில ஏத்திக்கிட்டு வருவாராம். நம்ம பாட்டிங்க கூப்பிட்டு உக்கார வச்சு பாயாசம் குடுத்தாங்களாம். "எங்க அப்பா என்னைக் கூட்டிக்கிட்டு வெளிய போன இடம் அதுதான். கடையை மூடுற ஒரே நாள் அது. அந்தத் தோட்டம் இப்ப இல்ல. அதான் என் பிள்ளைங்களை இங்க கூட்டிக்கிட்டு வர்றேன்"னு சொன்னார்.

தோட்டத்துல சீனர் கடைக் கணக்குப் புத்தகத்துல பேர் இல்லாத குடும்பம் நம்மள்ல எத்தனை? அவங்க நம்மள ஏமாத்தினதும் உண்டு, வட்டி மாதிரி விலையை ஏத்தினதும் உண்டு, அதை மறைக்கல. ஆனா மழைக்காலத்துல வெட்டு இல்லாதப்ப அரிசி குடுத்ததும் அவங்கதான். இன்னும் பழைய கதை வேணுமா? பஞ்ச காலத்துலயும் ஜப்பான்காரன் காலத்துலயும் சீனர் வீட்டுல பெண்குழந்தையை வளக்க முடியாம குடுத்தப்ப, வாங்கி வளத்தது தமிழ்க் குடும்பங்க. சீன முகத்தோட, தமிழ்ப் பேரோட, தாலி கட்டி, புடவை கட்டி, மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தின பாட்டிங்க நம்ம குடும்பங்கள்ல இருக்காங்க. இந்தக் குழுவுல இருக்கிறவங்கள்ல சில பேரோட பாட்டியே அப்படித்தான். அந்தப் பாட்டியோட கையால திருநீறு பூசிக்கிட்டவங்க, அந்த முகத்தோட ஒரு பிள்ளை மயிலைத் தொட்டா கத்துறோம்!

அடுத்தது, "சீனங்ககிட்ட காசு இருக்கு, நேரம் இருக்கு, அதான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்துறாங்க, நம்மகிட்ட என்ன இருக்கு?" இதை எழுதினது ஒரு இளம் அப்பா. தம்பி, கோவிச்சுக்காம கேளுங்க. இந்தப் பதிவே உண்மையில உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான். எங்களுக்காகவும்தான்.

அந்த சீனர் பசார்ல காய்கறி விக்கிறவர். ராத்திரி மூணு மணிக்கு எழுந்து வேலைக்குப் போறவர். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல கடையை சம்சாரம் பாத்துக்க, இவர் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வெளிய வர்றார். இது பணக்காரன் வாழ்க்கையா? ஒரு வாரம் நம்ம கோயில், ஒரு வாரம் குனோங் லாங் பூங்கா, ஒரு வாரம் கெக் லோக் தோங், ஒரு வாரம் டி.ஆர். சீனிவாசகம் பூங்கா. போயிட்டு வர்ற செலவு பெட்ரோலும் நாலு ஐஸ்கிரீமும்தான்.

டி.ஆர். சீனிவாசகம் பூங்கான்னு சொன்னோமே, அந்தப் பேர் யாருன்னு உங்க பிள்ளைக்குத் தெரியுமா? உங்களுக்கே தெரியுமா? மக்கள் முற்போக்குக் கட்சித் தலைவர், வக்கீல், தமிழர். 1959-ல இருந்து 1969-ல இறந்து போற வரைக்கும் ஈப்போவோட நாடாளுமன்ற உறுப்பினர். ஈப்போவுல சீன வாக்காளர்தான் அதிகம். அவங்க ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்ச தமிழர் பேருல இருக்கிற பூங்காவுல சீனப் பிள்ளை ஊஞ்சல் ஆடுது, நம்ம பிள்ளை காடிக்குள்ள உக்காந்து கைப்பேசி பாக்குது.

காடின்னு சொன்னதும் இன்னொண்ணு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்களுக்குக் காடி நிறுத்துற இடத்துல பணி. அதனால பாக்கிறோம். அம்மாவும் பாட்டியும் பிள்ளைங்களும் உள்ள போவாங்க. அப்பா இறங்க மாட்டார். ஏர்கோனைப் போட்டுக்கிட்டு கைப்பேசியில பந்து பாப்பார். இல்ல, வேலி ஓரமா நாலு பேர் நின்னு சிகரெட் பிடிப்பாங்க. பூசை முடியறதுக்குள்ள மூணு தடவை ஹாரன் அடிப்பாங்க. சில பிள்ளைங்களும் இறங்காது, பின் சீட்டுல ஆளுக்கொரு கைப்பேசி. எண்ணிப் பாத்தோம். போன வெள்ளிக்கிழமை நாங்க நின்ன நேரத்துல வந்த காடிகள்ல பதினேழு அப்பாக்கள் இறங்கவே இல்ல. பதினேழு! இவங்க யாரும் கோயில் ஒழுங்கைக் கெடுக்கலன்னு நாம விட்டுட்டோம். செருப்பை வரிசையா வச்சிட்டு உள்ள வந்த அப்பாவைத் துரத்திட்டோம்.

"ஷிஃப்ட் வேலைண்ணே, நேரம் இல்ல"ன்னு சொல்றீங்க. எங்கள்ல ஒருத்தர் தொழிற்சாலையில ஷிஃப்டு ஆளுங்களைக் கவனிக்கிற சூப்பர்வைசர், இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல. ஷிஃப்டுன்னா என்னன்னு அவருக்கு நீங்க சொல்லித் தர வேண்டாம். ராத்திரி வேலை முடிஞ்சு வந்தா கண்ணு எரியும், பிள்ளை பேசினா எரிச்சல் வரும். ஒத்துக்கிறோம். ஆனா கணக்கைப் பாருங்க. 2023 ஜனவரி 1-ல இருந்து வேலைச் சட்டம் மாறிடுச்சு. வாரத்துக்கு 48 மணி நேரம்னு இருந்தது 45 ஆச்சு. பிள்ளை பொறந்தா அப்பாவுக்கும் சம்பளத்தோட 7 நாள் விடுமுறை. முன்னாடி தனியார் வேலையில இருக்கிற அப்பாவுக்கு சட்டத்துல ஒரு நாள்கூடக் கிடையாது. நம்ம அப்பாக்கள் நாம பொறந்த அன்னிக்கும் மறுநாளும் மரம் வெட்டப் போனவங்க. இப்ப 7 நாள் இருக்கு. அந்த விடுமுறைப் பாரம் சூப்பர்வைசர் கைக்குத்தான் வருது. அதை எடுத்துக்கிட்டு வேற இடத்துல வேலைக்குப் போனவரைப் பாத்திருக்கார். மூணு நாள்ல போரடிக்குதுன்னு திரும்பி வந்து ஓ.டி. கேட்டவரையும் பாத்திருக்கார். கடன் இருக்கு, வீட்டு வாடகை இருக்கு, அது உண்மை. ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மூணு மணி நேரம் கள்ளுக்கடைக்குப் பதிலா வந்த இடங்கள்ல கழியுதே, அதுக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?

அந்த சூப்பர்வைசருக்கும் இதைச் சொல்ற யோக்கியதை இல்லன்னு அவரே சொல்றார். அவரோட ரெண்டு பிள்ளைங்களும் வளந்து சிங்கப்பூர்ல இருக்காங்க. சின்ன வயசுல அவங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போனேன்னு யோசிச்சா, வருஷத்துக்கு ஒரு தடவை கல்லுமலை, ஒரு தடவை பேரங்காடி. மிச்சமெல்லாம் ஓ.டி. இப்ப பிள்ளைங்க போன் பண்ணினா "சாப்டியா, சாப்டேன்" தாண்டிப் பேச்சு போகலையாம். வாங்கின ஓ.டி. காசு எங்க போச்சுன்னும் தெரியல. இதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

ஒண்ணு தெளிவா சொல்லிடுறோம். சீனர் எல்லாம் நல்ல அப்பா, தமிழர் எல்லாம் மோசமான அப்பான்னு நாங்க சொல்லல. சூதாட்டத்துல குடும்பத்தை விட்ட சீனரும் இருக்கார், பிள்ளையைப் பாட்டிகிட்ட விட்டுட்டு சிங்கப்பூர்ல கிடக்கிறவரும் இருக்கார். மனைவி இறந்தப்புறம் ரெண்டு பிள்ளைக்கும் சடை பின்னிக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டு வர்ற தமிழ் அப்பாவும் நம்ம ஆலயத்துலயே இருக்கார். இனத்தை வச்சுப் பேச வேண்டாம். ஆனா ஒரு பழக்கத்தைப் பாருங்க. ஏப்ரல் தொடக்கத்துல செங் பெங் வந்தா சீனர்கள் குடும்பத்தோட சுடுகாட்டுக்குப் போறாங்க. அஞ்சு வயசுப் பிள்ளை கையில துடைப்பம் குடுத்து, தாத்தா கல்லறையில புல்லைப் பிடுங்க வைக்கிறாங்க. அங்கயே உக்காந்து சாப்பிடுறாங்க. அதுவும் ஒரு குடும்ப உலாதான். அந்தப் பிள்ளைக்குத் தன் தாத்தா எங்க படுத்திருக்கார்னு தெரியும்.

நம்ம தாத்தா எங்க படுத்திருக்கார்? தோட்டத்துச் சுடுகாட்டுல. தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தாங்க, ரப்பரை வெட்டிட்டு எண்ணெய்ப்பனை போட்டாங்க, வீடமைப்புத் திட்டம் வந்தது, நம்மளை வெளியேத்தினாங்க. இதெல்லாம் நமக்கு நடந்த அநியாயம். ஆனா போய்ப் பாக்காம இருக்கிறது நமக்கு நாமே செய்ற அநியாயம். செம்பனைக்கு நடுவுல தகரக் கூரையோட நிக்கிற மாரியம்மன் கோயில், அந்த ஒத்தை அரசமரம், உங்க அப்பா பேரு போட்ட உபயப் பலகை இன்னும் சில இடத்துல இருக்கு. பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினீங்களா? பால் மரத்தைத் தொட்டுப் பாக்காத பேரப்பிள்ளைங்க வளந்துகிட்டு இருக்கு. "ரப்பர்னா பென்சில் அழிக்கிறதுதானே தாத்தா"ன்னு கேக்குது. சிரிப்பா சிரிக்கிறோம். சிரிக்க வேண்டிய விஷயமா இது?

பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகைக்குப் போகாத ஆள் கிடையாது. ஆனா பக்கத்துல இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போனவங்க எத்தனை பேர்? வில்லியம் கெல்லி ஸ்மித் அந்த மாளிகையைக் கட்டினப்ப, 1918 வாக்குல ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து நம்ம ஆளுங்க கொத்துக் கொத்தா செத்தாங்க. ஆத்தாளுக்குக் கோயில் வேணும்னு கேட்டாங்க, அவர் கட்டிக் குடுத்தார். நன்றிக்காக நம்ம ஆளுங்க கோயில் கூரை மேல சாமி சிலைகளுக்கு நடுவுல கோட்டு போட்ட வெள்ளைக்காரர் சிலையையும் வச்சாங்க. இன்னிக்கும் இருக்கு. கூரை மேல வெள்ளைக்காரனுக்கு இடம் குடுத்த பரம்பரை நாம. தரையில ஒரு சீனப் பிள்ளைக்கு இடம் குடுக்க மாட்டோமாம்.

சரி, ஒழுங்கு வேண்டாமான்னு கேப்பீங்க. வேணும். நாங்களே கேக்கிறோம். கருவறை முன்னாடி படம் எடுக்கக் கூடாது. அரைக்கால் சட்டையோட உள்ள வரக் கூடாது. வாகனத்து மேல ஏறக் கூடாது. அசைவம் சாப்பிட்டுட்டு வராதீங்கன்னு சொல்லலாம். ஆனா இந்த விதி எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். தைப்பூசத்தன்னிக்குக் குடிச்சிட்டு ஆடுற நம்ம பையனை "விடுங்க, அருள் வந்திருக்கு"ன்னு விடுறோம், அஞ்சு வயசுப் பிள்ளை சிரிச்சா கத்துறோம்னா அது ஒழுங்கு இல்ல, வீரம் காட்டுறது. அதுவும் திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச ஆளுகிட்ட காட்டுற வீரம்.

அதனால தொண்டர்கள் நாங்க கூடிப் பேசி சிலதை முடிவு பண்ணியிருக்கோம். நிர்வாகத்துக்கும் கடிதம் குடுத்தாச்சு.

முதலாவது, மஞ்சள் சட்டை போட்ட யாரும் கோயிலுக்குள்ள சத்தம் போடக் கூடாது, தமிழர்கிட்டயும் சரி, மத்தவங்ககிட்டயும் சரி. சொல்ல வேண்டியதைப் பக்கத்துல போய், பிள்ளை உயரத்துக்குக் குனிஞ்சு சொல்லணும்.

ரெண்டாவது, வாசல்ல விதிகளைத் தமிழ், மலாய், சீனம் மூணு மொழியிலயும் எழுதி வைக்கிறோம். இடுப்புல கட்டிக்கத் துணியும் வைக்கிறோம்.

மூணாவது, மாசத்துல கடைசி ஞாயித்துக்கிழமை காலையில பிள்ளைங்களுக்கு வாகனங்களையும் தேரையும் கிட்டத்துல காட்டப் போறோம். தொட்டுப் பாக்கலாம். தவில்காரரும் ஒரு தட்டு தட்டிப் பாக்க விடுறேன்னு சொல்லியிருக்கார். ஒரே ஒரு நிபந்தனை: பிள்ளையை அப்பா கூட்டிக்கிட்டு வரணும். அப்பா இல்லாத பிள்ளைக்கு மாமா, தாத்தா, அண்ணன் யாராவது வாங்க. யாரும் இல்லன்னா நாங்க இருக்கோம்.

நாலாவது, பழைய தோட்டத்துக் கோயில் ஒண்ணுக்கு எல்லாரும் சேந்து போறோம். எந்தத் தோட்டம்னு நீங்களே கீழே எழுதுங்க. உங்க அப்பா வேலை செஞ்ச தோட்டத்துப் பேரை எழுதுங்க. பேரைக்கூட மறந்துட்டோம்னா அதையும் எழுதுங்க.

கடைசியா ஒண்ணு. கத்தின தொண்டரும் சூப்பர்வைசரும் போன வாரம் விடியக்காலையில பசாருக்குப் போனாங்க. அந்த அப்பாவைப் பாத்து மன்னிப்புக் கேட்டாங்க. அவர் கையைத் துடைச்சிட்டுக் கை குடுத்தார். "தாக் ஆப்பா, தாக் ஆப்பா"ன்னார். பரவாயில்லன்னார். ஒரு கட்டுக் கீரையைக் காசு வாங்காம பையில போட்டுக் குடுத்தார். ஞாயித்துக்கிழமை வாங்கன்னு கூப்பிட்டதுக்கு மட்டும் உடனே பதில் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் இல்ல. பையன்தான் கேக்கிறான், அந்த அங்கிள் இன்னும் அங்க இருக்காரான்னு."

கத்தின தொண்டருக்கும் பேரப்பிள்ளை இருக்கு. திரும்பி வர்ற வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசல.

பெரியவங்க மன்னிச்சாச்சு. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு வந்த பயம் மன்னிப்புக் கேட்டா போயிடுமா? தெரியல. அவங்க திரும்ப வருவாங்களான்னும் தெரியல. வந்தா, அவங்களுக்கு முதல் இலையை அந்தத் தொண்டரே போடுறதா சொல்லியிருக்கார். நீங்க யாரும் அப்ப முறைச்சுப் பாக்காதீங்க, கைப்பேசியைத் தூக்கிக்கிட்டுப் படமும் எடுக்காதீங்க. அவங்க பாட்டுக்கு சாப்பிடட்டும். அந்தப் பொண்ணு மயிலை எண்ணி முடிக்கட்டும்.

வர்ற வெள்ளிக்கிழமை காடி நிறுத்துற இடத்துல நாங்கதான் நிப்போம். அப்பாக்களே, இன்ஜினை அடைச்சிட்டு இறங்குங்க. பிள்ளை கையைப் பிடிங்க. பூசை முடிஞ்சதும் உடனே கிளம்ப வேண்டாம், பிரகாரத்தை ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க. அதுக்குக் காசு வேண்டாம்.

குறை இருந்தா மன்னிக்கவும். சரின்னு பட்டா பகிரவும்.

வேலும் மயிலும் துணை.

— ஆலயத் தொண்டர்கள்